கூப்பிடு தூரம் எத்தனை மீட்டர்?

கம்ப்யூட்டர் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வுக்கான அந்தப் புத்தகத்தை நான் ஆறு தடவை படித்தேன். சும்மா இல்லை, மஞ்சள், பச்சை, ரோஸ் என்று மூன்று நிறத்தில் கோடு போட்டுப் படித்தேன். ஆறாவது தடவை முடித்தபோது கோடு விழாத வரி ஒன்றுகூட மிச்சமில்லை. எது முக்கியம் என்று அதற்கப்புறம் கடவுளுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குப் பழக்கமானது அந்தப் படிப்புதான். விஷயம் புரிகிறதோ இல்லையோ, எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

எதற்கு இந்த வயதில் இவ்வளவு பாடு என்றால், ஜீப்தான் காரணம். புதூர்நாட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள் நான். திருப்பத்தூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் டைப் அடிக்கிற வேலை. தினமும் மலை இறங்கி, மறுபடி மலை ஏற வேண்டும். பஸ் எண்ணி இரண்டு. அதை விட்டால் ஜீப். அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். அதனால் எனக்கு ஏதோ சலுகை கிடைக்கும் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. பன்னிரண்டு பேர் ஏறாமல் சாவியைத் திருப்ப மாட்டார்.

"பொண்டாட்டி ஒக்காந்திருக்கான்னு வண்டிய எடுத்தா, டீசல் யாரு போடறது?" என்பார், அத்தனை பேர் முன்னாலும். பத்திர ஆபீசில் லேட் என்று நான் திட்டு வாங்காத நாள் இல்லை.

அந்த ஆபீசுக்கு ஒரு நாள், பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும் நெட்வொர்க் அமைத்துத் தருகிற தொழில் நடத்தும் ஒருவர் வந்தார். நான் எந்த ஊர் என்று விசாரித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மலை மேல இருக்கிற ஸ்கூலுங்களப் பாத்துக்க எனக்கு ஆள் வேணும்மா. கீழ இருக்கறவன் எவனும் மேல வர மாட்றான். நீங்க அங்கியே இருக்கறவங்க. ஆனா சர்டிபிகேட் இல்லாத ஆளை ஸ்கூல்ல நான் காட்ட முடியாது. பங்குனி முடியறதுக்குள்ள எழுதி பாஸ் பண்ணிட்டு வாங்க, வேலை உங்களுக்குத்தான். இல்லன்னா வேற ஆள் பாத்துடுவேன்."

மலை மேலேயே வேலை! இறங்க வேண்டாம், ஏற வேண்டாம், பன்னிரண்டாவது ஆளுக்காகக் கழுத்தை நீட்டி ரோட்டைப் பார்க்க வேண்டாம். அன்றைக்கே புத்தகம் வாங்கினேன்.

தை மாதத்தில் வேலூர் போய்த் தேர்வு எழுதினேன். அதற்கு முந்தைய வாரமெல்லாம் கொண்டை ஊசி வளைவில் வண்டியை ஒடித்துக்கொண்டே என் வீட்டுக்காரர், புத்தகத்தில் வருகிற எண்களைச் சொல்லி எது எதற்கு என்று கேள்வி கேட்பார். "இருவத்திரண்டு?" நான் பதில் சொல்வேன். "ஐம்பத்து மூணு?" அதற்கும் சொல்வேன். கேள்வி அவருக்கும் புரியாது, பதில் எனக்கும் புரியாது. ஆனாலும் ஜீப்பில் இருந்தவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை. பாஸ் செய்துவிட்ட மாதிரியே நடந்துகொண்டேன்.

தேர்வு அறையில் திரையில் வந்த முதல் கேள்வியே ஒரு படம். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு ரூட்டர். எல்லாம் தனித்தனியாகக் கிடந்தன. இவற்றை இணைத்து, ஒன்றோடொன்று பேசும்படி செய்க என்று போட்டிருந்தது. செய்க! நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பேன். அங்கே விடையே இல்லை. படத்தில் இருந்த கம்ப்யூட்டரை மவுசால் இந்தப் பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் இழுத்தேன், பேய் முழி முழித்தேன். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. சுலபமான கேள்விகளுக்கு வந்து சேர்ந்தபோது நேரம் முடிந்துவிட்டது. ஃபெயில்.

ஊருக்குத் திரும்பினால் ஜீப்பில் ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும், "இன்னாம்மா, பாஸா?" என்றார்கள். ஒரு ட்ரிப்புக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு தடவை சொன்னேன். மூக்கு உடைந்தது ஒரு தடவை, அதை எடுத்துக் காட்டியது பன்னிரண்டு தடவை.

கோபம் எல்லாம் புத்தகத்தின் மேல் திரும்பியது. அதைத் தூக்கிப் பரண் மேல் போட்டேன். இனிமேல் படிப்பே கிடையாது, செய்வதுதான் என்று முடிவு கட்டினேன். வேலை தருவதாகச் சொன்னவரிடமே போய் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற ஸ்விட்ச் பெட்டி பழையது ஒன்றும், கேபிள் முனையில் கனெக்டர் மாட்டுகிற கிரிம்பிங் கருவியும் கடன் கேட்டேன். ஒரு பெட்டியில் மிச்சமிருந்த நீலநிறக் கேபிளையும் கொடுத்தார். எட்டுக் கம்பிகளின் நிற வரிசை எனக்குத் தலைகீழ்ப் பாடம். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆனால் கேபிளின் தோலை உரித்தால் அந்த எட்டும் என் பேச்சைக் கேட்டால்தானே? ஒன்றை உள்ளே தள்ளினால் இன்னொன்று வெளியே வந்து சிரித்தது. ஒழுங்காக ஒரு முனை போட எனக்கு முழுசாக இரண்டு நாள் ஆனது. இருபது கனெக்டர் வீணாயின.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய அண்ணன் வீடு. அண்ணன் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். கல்லூரி விடுதியில் இருக்கும் அவருடைய மகள் விட்டுப்போன லேப்டாப் அந்த வீட்டில் சும்மா கிடந்தது. இரண்டையும் இணைப்பது என்று தீர்மானித்தேன்.

"அக்கா, உங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் எவ்ளோ தூரம் இருக்கும்?"

"இன்னா பெரிய தூரம்? கூப்பிடு தூரம்தான்."

கூப்பிடு தூரம் என்றால் எங்களுக்கு ரொம்பப் பக்கம் என்று அர்த்தம். கேபிளில் முனை போட்டு, வழியில் நின்ற புளியமரங்கள் நாலின் கிளைகளில் கட்டிக்கட்டி, ஓடையைத் தாண்டி அக்கா வீட்டு ஜன்னல் வரைக்கும் இழுத்துவிட்டேன். மரமேறத் தெரிந்த வீட்டுக்காரர் அன்றைக்கு இரண்டு ட்ரிப்பை விட்டுவிட்டு எனக்காக ஏறினார். ஏறின நேரம் பூராவும் என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார், அது வேறு.

இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு சமிக்ஞை அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. இணைப்பு இருந்தால் லேப்டாப்பில் கேபிள் செருகிய இடத்தில் சின்ன விளக்கு ஒன்று எரியும். நான் இங்கே பட்டனைத் தட்டிவிட்டு வாசலுக்கு ஓடி வந்து கத்துவேன்.

"அக்காவ்! வெளக்கு எரியுதா?"

"எரியுதுடீ!"

உள்ளே ஓடிப்போய்ப் பார்ப்பேன். பதில் நாலு வரும், பிறகு நின்றுவிடும்.

"அக்காவ்! இப்போ?"

"இப்போ எரியல! ஏய், எரியுது! போச்சு! வந்துச்சு! போச்சுடீ!"

நாலு நாள் இப்படியே கத்தினோம். ஓடைக்கு மேலே நிலத்தில் வேலை செய்கிறவர்கள் எங்களுக்குள் சண்டை என்றே நினைத்துக்கொண்டார்கள். நான் முனையை மாற்றினேன், ஸ்விட்சில் வேறு துளையில் செருகினேன், லேப்டாப்பைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "ஒயர் இல்லாமயே உங்க ரெண்டு பேருக்கும் நல்லாதான கேக்குது? அப்பறம் எதுக்கு இந்த ஒயரு?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கிரிம்பிங் கருவி கையில் இருந்ததே ஆபத்துதான்.

ஐந்தாம் நாள் நான் திருப்பத்தூர் போயிருந்தேன். மாசி மாதம், புளி உலுக்குகிற காலம். மரத்தில் கேபிளைக் கட்டியபோது அது எனக்கும் தோன்றவில்லை, மரத்தில் ஏறின மனிதருக்கும் தோன்றவில்லை. இந்த மலையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விஷயம். ஆட்கள் மரமேறிக் கிளையை உலுக்கியிருக்கிறார்கள், எட்டாத இடத்தில் கழியால் அடித்திருக்கிறார்கள். புளியோடு சேர்ந்து என் நெட்வொர்க்கும் கீழே கொட்டிவிட்டது. மூட்டை வாயைக் கட்டக் கயிறு போதவில்லையாம். கீழே நல்ல உறுதியான நீலக் கயிறு கிடந்ததாம்.

சாயங்காலம் வந்து பார்த்தால் அக்கா வீட்டுக் களத்தில் வரிசையாகப் புளி மூட்டைகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் என் கேபிள்.

"அய்யய்யோ அக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் அவர் கையிலிருந்த முறம் விழுந்துவிட்டது.

"நான் தண்ணி எடுக்கப் போய்ட்டேன்டீ, அதுக்குள்ள கட்டிட்டானுங்க. அவுத்துத் தந்துடறேன், அழாத."

நான் அழுதுகொண்டே ஒரு மூட்டையின் முன்னால் குத்துக்காலிட்டு முடிச்சை அவிழ்த்தேன். அப்போதுதான் கேபிளின் மேல் பொடி எழுத்தில் என்னவோ அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். 131 மீ. பக்கத்து மூட்டையைப் பார்த்தேன். அதில் 58 மீ. அடுத்ததில் 196 மீ. மீட்டருக்கு மீட்டர் வரிசையாக எண் போட்டுத்தான் கேபிளைச் செய்கிறார்கள்! இரண்டு வீட்டிலும் அறுந்து மிச்சமிருந்த முனைகளையும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அக்கா வீட்டு முனையில் 47. என் வீட்டு முனையில் 212. கழித்துப் பார்த்தால் நூற்று அறுபத்தைந்து மீட்டர்.

இந்த வகைக் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. புத்தகத்தில் அது இடதுபக்கத் தாளின் மேல் மூலையில் இருக்கிறது. மஞ்சள் கோடும் போட்டேன், பச்சையும் போட்டேன், ரோஸும் போட்டேன். ஜீப்பில் வீட்டுக்காரர் கேட்டபோது, "நூறு மீட்டர்!" என்று பன்னிரண்டு பேர் காதிலும் விழக் கத்திச் சொன்னவள் நான். அதே வாயை வைத்துக்கொண்டு நாலு நாள் "வந்துச்சா, போச்சா" என்று கத்தியிருக்கிறேன். பள்ளத்தைத் தாண்டிக் குரல் போகிற எங்கள் மலையில் கூப்பிடு தூரம் என்றால் அரைக் கிலோமீட்டரும் இருக்கும். படித்த நூறு மீட்டரையும் என் வீட்டு வாசலையும் நான் ஒரு தடவைகூடச் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஃபெயில் ஆனபோதுகூட அவ்வளவு வெட்கமாக இல்லை.

பரண் மேலிருந்து புத்தகத்தை இறக்கினேன். தூசி தட்டும்போது நான் போட்ட சபதம் இதுதான்: காலையில் ஜீப் நிரம்புகிற வரைக்கும் படிக்க வேண்டும், படித்ததைச் சாயங்காலம் வீட்டில் கையால் செய்ய வேண்டும். கை செய்யாமல் கண் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது. கூட்டம் சீக்கிரம் சேர்கிற நாளில் இரண்டு பக்கம்தான் கிடைக்கும். சேராத நாளில் பன்னிரண்டு பக்கம் படித்துவிட்டு, பன்னிரண்டையும் செய்ய முடியாமல் சாயங்காலம் திண்டாடுவேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஆள் ஏறட்டும், கெளம்பலாம்" என்று நானே வேண்டிக்கொண்டேன். ஜீப்பில் பலாப்பழம் கொண்டு போகிற அம்மா ஒருவர் தினமும், "நேத்து படிச்சத செஞ்சியா?" என்று கேட்பார். இல்லை என்றால், "அப்போ மூடு புக்கை" என்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் பயந்தது அவருக்குத்தான்.

வேலை தருகிறவரிடமே மறுபடி போய் வேறு கேபிள் வாங்கிவந்தேன். முதல் வேலையாக, இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த ஆட்டுக் கொட்டகையில் ஸ்விட்சை வைத்தேன். நல்லவேளையாக அங்கே ஒரு பல்புக்குக் கரண்ட் இருந்தது. இந்தப் பக்கம் எண்பது மீட்டர், அந்தப் பக்கம் எண்பத்தைந்து. ஸ்விட்ச் சமிக்ஞையை வாங்கிப் புதிதாக அனுப்பும், அதனால் நூறு மீட்டர் கணக்கு அங்கிருந்து மறுபடி தொடங்கும். இந்த முறை மரம் பக்கமே போகவில்லை, வேலியோரமாகக் கொண்டுபோனேன். பட்டனைத் தட்டினேன். பதில் வந்தது. மறுபடி வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வாசலுக்கு ஓடி, "அக்காவ்!" என்று கத்தப்போனவள், கத்தாமல் திரையிலேயே "அக்கா" என்று தட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல்தான் வந்தது: "என்னமோ எழுத்து வந்திருக்குதுடீ, இன்னா பண்ணட்டும்?"

அடுத்து, பழுது கண்டுபிடிக்கிற பாடம். கண்டுபிடிக்கப் பழுது வேண்டுமே? தினமும் மத்தியானம் யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒன்றைக் கெடுத்து வையுங்கள் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான். அந்த அம்மாள் அதுவரைக்கும் எங்கே அந்த வித்தையை ஒளித்து வைத்திருந்தாரோ! ஒரு நாள் ஸ்விட்சின் கரண்டைப் பிடுங்கினார். ஒரு நாள் ஒரு முனையைச் செருகின மாதிரியே தெரியும்படி அரைகுறையாக விட்டார். ஒரு நாள் லேப்டாப்பில் என்னென்னவோ தட்டி, நெட்வொர்க்கில் அதற்குரிய முகவரி எண்ணையே மாற்றிவிட்டார். "இன்னைக்கு நீ கண்டுபிடிக்க மாட்ட" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மகள் விடுதிக்குப் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் கண்டுபிடித்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். மறுநாள் இன்னும் கொடூரமாக ஒன்று செய்வார்.

ஒரு நாள் எதுவுமே பிடிபடவில்லை. கொட்டகையில் பார்த்தேன், வேலியோரம் முழுக்கத் தவழ்ந்து பார்த்தேன், ஆடுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொரு முனையாக மாட்டிக் கழற்றினேன். எல்லாம் சரியாகவே வேலை செய்தது. மூன்று மணி நேரம் போயிற்று. தோற்றுப்போய் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இன்னா பண்ணீங்க அக்கா, சொல்லித் தொலைங்க."

"நான் ஒண்ணும் பண்ணலடீ. இன்னைக்கு எனக்குத் தல வலி, படுத்துட்டேன்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்க கேட்ட? வந்ததும் வராததுமா ஆட்டுக் கொட்டாய்க்குள்ள பூந்துட்ட!"

புத்தகத்தில் பழுது பார்க்கிற முறையில் முதல் வரியே அதுதான். பயன்படுத்துகிறவரிடம் என்ன நடந்தது என்று கேள். அதைப் போய் யார் படிப்பது என்று தாண்டிப் போயிருந்தேன். அன்றைக்கு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து, இந்தத் தடவை கோடு போடாமல் மெதுவாகப் படித்தேன்.

பங்குனி வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதம் முடிந்தால் வேலை போய்விடும் என்கிற நினைப்பு ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. குழம்பில் உப்புப் போட்டேனா என்பது தெரியாது, எத்தனை நாள் மிச்சம் என்பது தெரியும். வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். வீட்டுக்காரர் மட்டும், "ஆவறது ஆவுது, துன்னு" என்று தட்டை என் பக்கம் தள்ளுவார். இந்த மனுஷனுக்கு என் கவலையில் ஒரு பங்குகூட இல்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதக் கடைசி வாரத்தில் இரண்டாவது தேர்வு. அவரும் கூட வேலூருக்கு வந்தார், வெளியே மரத்தடியில் நின்றார். திரையில் முதல் கேள்வி, அதே மாதிரி படம். என் கை தானாக வேலையைத் தொடங்கியது. அடுத்த படத்தில் எந்த வரியையும் தாண்டாமல் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். முடித்து அழுத்தினேன். பாஸ் என்று வந்தது. அதைப் பார்த்த உடனே எனக்கு ஓவென்று அழுகை வந்துவிட்டது. அங்கே வேலை செய்கிற பெண் ஓடிவந்து, "பரவால்ல மேடம், அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று முதுகைத் தடவினாள். அச்சாகி வந்த ரிசல்ட் தாளை எடுத்துக்கொண்டேன். அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இந்தா, அழாத. போனா போவுது. இன்னும் ஒரு மாசம் கீது."

"ஏது ஒரு மாசம்?"

"சித்திர கடைசி வரைக்கும் டைம் குடுத்துட்டாரு, வேலை தரேன்னாரே அந்த சாரு. நான் போய்க் கேட்டேன். மூணு வாரம் ஆச்சு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "மூணு வாரமா? மூணு வாரமா நான் சோறு தண்ணி இல்லாம செத்துட்டு கெடக்கறேன், வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா புக்கை மூடிடுவ. உன்ன எனக்குத் தெரியாதா?"

"அப்போ நான் ஃபெயிலாவேன்னே முடிவு பண்ணிட்டீங்களா?"

"போன தபா நீ வந்து மூணு நாள் சொவத்தப் பாத்துப் படுத்திருந்த. அத இன்னொரு தபா என்னால பாக்க முடியாது. அதான் போனேன்."

ரோட்டில் நிற்கிறோம் என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. டிராஃபிக் போலீஸ் மறித்தால்கூட இறங்கிப் பேசாத மனிதர் அவர். எனக்காக இன்னொருவர் வாசலில் போய் நின்று கேட்டிருக்கிறார். அவர் மேல் பிரியம் பொங்கியது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"எப்படிக் கேட்டீங்க?"

"எப்படிக் கேப்பாங்க? வாயாலதான்."

"நான் பாஸ்" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கினார். அதில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். மேலிருந்து கீழே வரைக்கும் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தார். திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினார்.

"சார், நான்தாங்க, ஜீப்பு ஓட்றவன். நீங்க குடுத்தீங்களே ஒரு மாசம், அது வேணாங்க சார்."